பராமரிப்பு இல்லத்தை எடைபோடுவது எப்படி?

மண்சரிவிலோ வெள்ளத்திலோ வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் இழந்து, பாடசாலைக் கட்டடத்திலோ உறவினரின் லயக் காம்பராவிலோ ஒதுங்கியிருக்கும் குடும்பங்கள் எம்மிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டி அனுப்பிவிட்டார்கள். இந்த இடத்தில் வைத்துப் பார்க்க முடியாது. எங்கே சேர்ப்பது, சுவாமி?" 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்ததன் பின்னரும் இக்கேள்வி இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டதன் பின்னர் இன்னும் பலரிடம் இருக்கிறது.

எங்கே சேர்ப்பது என்பதற்கு முன்னர் கேட்கவேண்டிய கேள்வி, சேர்க்கப்போகும் இடம் எப்படிப்பட்டது என்பது. அதை அறிந்துகொள்ளும் வழியைத்தான் இங்கே விளக்க முயல்கிறோம். மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்க்கிறோம், மடியைப் பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசு முள்ளின்மேல் வைத்த கண்ணை எடுப்பதில்லை. ஆனால் பெற்றவர்களை ஓர் இல்லத்தில் ஒப்படைக்கும்போது மட்டும் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு, தலையைக் குனிந்தவாறு திரும்பிவிடுகிறோம். அதற்குக் காரணம் வெட்கம். "பெற்றவர்களைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டான்" என்று ஊர் சொல்லுமே என்ற பயம். வெட்கப்படுகிறவன் கேள்வி கேட்பதில்லை. கேள்வி கேட்காதவர்களின் தாய் தந்தையர்தான் எந்த இல்லத்திலும் கடைசிக் கட்டிலில் கிடக்கிறார்கள். ஆகவே முதலில் வெட்கத்தை விடுங்கள். தூக்கிப் புரட்ட ஆளில்லாத, மலசலகூடத்துக்கு நூறு படி இறங்கவேண்டிய இடத்தில் ஒரு நோயாளியை வைத்திருப்பதைவிட நல்ல இடமொன்றில் சேர்ப்பது பாவமாகாது.

இரண்டு விதமான இடங்கள் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. ஒன்று முதியோர் இல்லம், அல்லது பராமரிப்பு இல்லம். அங்கே சாப்பாடும் படுக்கையும் துப்புரவும் கிடைக்கும். ஆயுள் உள்ளவரை இருக்கலாம். மற்றையது புனர்வாழ்வு வைத்தியசாலை. அங்கே சேர்ப்பது திரும்பி வருவதற்காக. விழுந்த கையையும் காலையும் பயிற்சியால் எவ்வளவு மீட்கலாமோ அவ்வளவு மீட்டு, மீளாததற்கு ஊன்றுகோலோ சக்கர நாற்காலியோ கொடுத்து, அத்தோடு வாழப் பழக்கி அனுப்புவார்கள். அரசாங்கத்தில் இதற்கென உள்ள இடங்களில் கண்டிக்கு அப்பால் திகனயில் உள்ள புனர்வாழ்வு வைத்தியசாலையும், கொழும்புக்கு வடக்கே ராகமையில் உள்ள வைத்தியசாலையும் முக்கியமானவை. பாரிசவாதம் வந்தவர், மரத்திலிருந்து விழுந்து முள்ளந்தண்டு உடைந்தவர், மண்ணுக்குள் அகப்பட்டுக் காலை இழந்தவர் ஆகியோரை நேரே முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோவது பெரும் இழப்பு. முதல் மாதங்களில்தான் உடம்பு அதிகம் மீள்கிறது. டிக்கட் வெட்டும்போதே வைத்தியரிடம் "புனர்வாழ்வு வைத்தியசாலைக்குக் கடிதம் தரமுடியுமா?" என்று கேளுங்கள். டிக்கோயா வைத்தியசாலையானாலும் நுவரெலியா வைத்தியசாலையானாலும் கேட்பதற்கு உங்களுக்கு உரிமையுண்டு.

புனர்வாழ்வு என்றால் என்னவென்று விளங்க, நாம் அறிந்த ஒருவரைச் சொல்லலாம். தமிழ்நாட்டின் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய வைத்தியர் மேரி வர்கீஸ், 1954ஆம் ஆண்டு வீதி விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். பின்னர் அமெரிக்கா சென்று புனர்வாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1960களில் வேலூரில் அதற்கென ஒரு துறையையும் 1966இல் ஒரு நிலையத்தையும் உருவாக்கினார். நோயாளியின் மனைவியோ மகனோ கூடவே தங்கி, தூக்குவது எப்படி, புரட்டுவது எப்படி, குழாயைச் சுத்தம் செய்வது எப்படி என்று கற்றுக்கொள்வது அங்கே சிகிச்சையின் ஒரு பகுதி. வீட்டுக்குப் போனபின் தாதி வரமாட்டார், வீட்டார்தான் பார்க்கவேண்டும் என்ற தெளிவு அதில் இருக்கிறது. எனவே புனர்வாழ்வு நிலையம் எதற்குப் போனாலும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். "ஆறு வாரத்தில் இவர் புதிதாக எதைச் செய்வார் என்று எதிர்பார்க்கிறீர்கள்?" "எங்களுக்கு என்ன கற்றுத்தருவீர்கள்?" முதற் கேள்விக்கு 'எழுந்து உட்காருவார்', 'கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவார்' என்று திட்டமான பதில் வந்தால் அங்கே வேலை நடக்கிறது. "பார்ப்போம், கடவுள் விட்ட வழி" என்று வந்தால் அங்கே வெறும் கட்டில்தான் இருக்கிறது. கடவுளின் பெயரைச் சொல்லிச் சோம்பலை மூடுவதை நாம் ஏற்பதற்கில்லை.

இனி முதியோர் இல்லங்களுக்கு வருவோம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி இத்தகைய நிறுவனங்கள் முதியோருக்கான தேசிய செயலகத்தில் பதிவு செய்யப்படவேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டும்படி கேட்பது அவமரியாதை அல்ல. பிரதேச செயலகத்தில் முதியோர் விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் விசாரித்தும் அறியலாம். ஆனால் சான்றிதழ் சுவரில் தொங்குவதால் மட்டும் உள்ளே எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நம்பிவிடக்கூடாது.

மருத்துவப் பராமரிப்பின் தரத்தை அளப்பது பற்றி அமெரிக்காவில் அவெடிஸ் டொனபெடியன் என்ற வைத்தியர் 1966இல் எழுதிய கட்டுரை ஒன்று உலகெங்கும் இத்துறையில் வழிகாட்டியாக இருக்கிறது. அவர் மூன்றைப் பார்க்கச் சொன்னார்: என்ன இருக்கிறது, என்ன செய்கிறார்கள், அதனால் என்ன விளைந்தது. தேயிலைத் தொழிற்சாலையை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். கட்டடமும் இயந்திரமும் ஒன்று. வாட்டுவதும் அரைப்பதும் இன்னொன்று. கோப்பையில் ஊற்றிய தேநீரின் ருசி மூன்றாவது. நம்மவர்கள் பெரும்பாலும் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்படுகிறார்கள். ஓடு பதித்த தரை, வாசலில் பூச்செடி, முன்மண்டபத்தில் தொலைக்காட்சி! அவை வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பூச்செடி யாரையும் புரட்டிப் படுக்கவைப்பதில்லை.

புரட்டிப் படுக்கவைப்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். அசைய முடியாதவர் ஒரே பக்கம் கிடந்தால் எலும்பு முட்டும் இடங்களில் இரத்தவோட்டம் நின்று தோலும் சதையும் சாகின்றன. அதுவே படுக்கைப் புண். முதுகின் அடி, இடுப்பின் இரு பக்கம், குதிகால், தோள்பட்டை ஆகியவையே அது வரும் இடங்கள். வெள்ளைத் தோலில் முதலில் சிவப்பாகத் தெரியும். நம்முடைய தோலில் கறுத்து, சூடாகவோ கட்டியாகவோ இருக்கும். விரலால் அழுத்திப் பார்த்தும் அந்த நிறம் மாறாவிட்டால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் முள்ளந்தண்டு உடைந்தவர்களில் பெரும்பாலானோர் இப்புண்ணாலும் சிறுநீர்க் கிருமியாலும் இறந்தார்கள். நாசி ஜெர்மனியிலிருந்து அகதியாக இங்கிலாந்துக்கு ஓடிவந்த லுட்விக் குட்மன் என்ற யூத வைத்தியர், 1944இல் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் பொறுப்பேற்றபோது செய்த முதற் காரியங்களில் ஒன்று, இரவும் பகலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு நோயாளியையும் புரட்டச் செய்ததுதான். சாவார்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் வாழ்ந்தார்கள், வேலைக்கும் போனார்கள். லண்டனில் டொரீன் நோர்ட்டன் என்ற தாதியும் அவரது கூட்டாளிகளும் முதியோரிடம் நடத்தி 1962இல் வெளியிட்ட ஆய்வும், பூசும் மருந்துகளைவிட அடிக்கடி புரட்டுவதே பயன் தருகிறது என்று காட்டியது. இதற்குப் பணம் தேவையில்லை. இரண்டு கை வேண்டும், மணிக்கூடு பார்க்கும் பழக்கம் வேண்டும்.

ஆகவே இல்லத்துக்குப் போனால் "இங்கே யாருக்காவது படுக்கைப் புண் இருக்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள். ஒருவருக்கு இருப்பதால் மட்டும் அந்த இடம் மோசமென்று முடிவு கட்டவேண்டாம். புண்ணோடு வந்து சேருபவர்களும் உண்டு. எப்போது வந்தது, எவ்வளவு பெரிது, எத்தனை மணிக்கு ஒரு தடவை புரட்டுகிறார்கள் என்று சொல்லத் தெரிகிறதா என்பதைக் கவனியுங்கள். "இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள்?" என்பதும் கட்டாயம் கேட்கவேண்டியது. பகலில் ஐந்துபேர் ஓடியாடும் இடத்தில் இரவில் ஒருவர் மட்டும், அவரும் தூங்கிக்கொண்டு இருப்பார் என்றால் இரவெல்லாம் ஒரே பக்கம்தான்.

முன்னறிவித்தல் இல்லாமல் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து பார்த்தால் பத்துக் கடிதங்கள் சொல்லாததைக் காண்பீர்கள். விழுங்கக் கஷ்டப்படுபவரை நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுகிறார்களா, படுத்தபடியே வாயில் திணிக்கிறார்களா? படுத்தபடி ஊட்டினால் சோறு சுவாசப்பைக்குப் போய் நிமோனியா வரும். தண்ணீர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா? வேலை குறையவேண்டுமென்று தண்ணீரையே குறைத்துக் கொடுக்கும் இடங்கள் உண்டு. நாக்கு வரண்டிருப்பதில் அது தெரியும். சலப்பை தரையில் கிடக்கிறதா, கட்டிலின் ஓரத்தில் முறையாகத் தொங்குகிறதா? தூக்கும்போது விழுந்துபோன கையைப் பிடித்து இழுக்கிறார்களா? அப்படி இழுத்தால் தோள் நழுவி, ஆயுள் முழுதும் வலிக்கும். நுவரெலியாப் பக்கக் குளிருக்கு ஒரு கம்பளி போதாது. காலுக்கு மேசு போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வாடையைப் பொறுத்தவரை, காலையில் ஒரு தடவை மூத்திர வாடை அடிப்பது குற்றமல்ல. எப்போது போனாலும் அதே வாடை அடித்தாலும், எப்போது போனாலும் டெற்றோல் வாடை மட்டுமே அடித்தாலும் சற்று யோசியுங்கள்.

கட்டிப்போடுவதும் தூக்க மருந்து கொடுத்துச் சுருட்டிவைப்பதும் உலகெங்கும் நடந்தவையே. அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டுச் சட்டமொன்று, ஊழியரின் வசதிக்காக நோயாளியைக் கட்டுவதையும் மருந்தால் மயக்குவதையும் தடைசெய்தது. நடமாடக்கூடியவர்கள் எல்லோரும் பகல் பதினொரு மணிக்குக் கட்டிலில் உறங்கிக்கொண்டிருந்தால், என்ன மாத்திரை கொடுக்கப்படுகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நம்மவர்களுக்கே உரிய இன்னொரு தராசு மொழி. வாழ்நாளெல்லாம் தோட்டத்தில் கொழுந்தெடுத்த ஒரு பாட்டிக்குச் சிங்களத்தில் 'வேலை', 'சாப்பாடு' என்ற அளவில்தான் தெரியும். நெஞ்சு எரிகிறது, மலம் இறங்கவில்லை, பயமாக இருக்கிறது என்பதை அவர் எம்மொழியில் சொல்வார்? தமிழ் தெரிந்த ஓர் ஊழியராவது ஒவ்வொரு வேளையிலும் இருக்கிறாரா என்று கேட்பது இனவாதமல்ல, மருத்துவம். பாரிசவாதம் பேச்சையும் பறித்திருந்தால், பேச்சுப் பயிற்சியைத் தன் தாய்மொழியில் பெற்றால்தான் அது பயன்படும். அரச நிறுவனத்துக்குத் தமிழிலேயே முறைப்பாடு எழுதலாம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஊழியர் சேமலாப நிதியிலிருந்து வந்த பணமோ, மாதக் கொடுப்பனவோ யாருடைய கணக்கில் விழுகிறது என்பதை முதல் நாளிலேயே எழுத்தில் தெளிவாக்குங்கள். வெற்றுத் தாளில் கைநாட்டு வைக்கவிடாதீர்கள். அடையாள அட்டையின் பிரதியை இல்லத்திடம் கொடுங்கள், மூலத்தை நீங்கள் வைத்திருங்கள். இடம்பெயர்ந்த குடும்பங்களில் ஆவணங்கள் மண்ணோடு போயிருக்கும். கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்தல் கடிதம் எடுத்து, புதிய அட்டைக்கு விண்ணப்பித்துவிட்டே சேர்க்கப் போவது நல்லது. பிள்ளைகள் அறவே கைவிட்ட முதியவர், மேற்சொன்ன 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பராமரிப்புச் சபையிடம் விண்ணப்பித்துப் பிள்ளைகளிடமிருந்து செலவுக்குப் பணம் கோரலாம் என்பதையும் பெரியவர்கள் அறிந்திருக்கவேண்டும்.

சேர்த்தபின் உங்கள் வேலை முடிந்துவிடாது. யாராவது வந்து பார்க்கும் நோயாளிக்கு எந்த இல்லத்திலும் கவனிப்புக் கூடுதல். இது நீதியல்ல, ஆனால் உண்மை. தூரமென்றால் குடும்பத்தார் முறைவைத்து, மாதத்துக்கு இரண்டு தடவை, வெவ்வேறு கிழமையில், வெவ்வேறு நேரத்தில் போங்கள். போனால் கம்பளியை விலக்கிக் குதிகாலையும் முதுகின் அடியையும் பாருங்கள். நிறையைக் கேட்டு ஒரு கொப்பியில் திகதியோடு குறித்துவையுங்கள். நிறை மாதாமாதம் இறங்கினால் ஏனென்று கேட்கவேண்டும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரோடு பேசுங்கள். நீங்கள் போனபின் நடப்பது அவருக்குத்தான் தெரியும். ஊழியர்களோடும் பண்பாகப் பேசுங்கள். குறைந்த சம்பளத்துக்கு மற்றவருடைய மலத்தை அள்ளுகிறவர்கள் அவர்கள். குறையிருந்தால் முதலில் பொறுப்பாளரிடம் வாய்மொழியாகவும், பதினான்கு நாளில் மாற்றமில்லையெனில் எழுத்திலும், பிறகு பிரதேச செயலகத்துக்கும் தெரிவியுங்கள். எழுதிய கடிதத்தின் பிரதியொன்றைக் கையில் வைத்திருங்கள்.

கடைசியாக, அதே கொப்பியில் இன்னொன்றையும் எழுதிவையுங்கள். சேர்த்த நாளில் அவர் தானாகச் செய்தவை எவை? கோப்பையைப் பிடித்தாரா, சட்டைப் பொத்தானைப் போட்டாரா, உங்கள் பெயரைச் சொன்னாரா? மூன்று மாதம் கழித்து அதே பட்டியலை எடுத்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பாருங்கள்.