பாராசாரியின் வியர்வை

முத்தாண்டிக்குப்பத்து முந்திரித் தோப்புகளைக் கடந்து, பண்ருட்டி தாண்டி வடக்கே போனால் செஞ்சி. அந்தக் கோட்டையின் தேசிங்கு ராஜனைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் இந்தப் பக்கம் குறைவு. இயற்பெயர் தேஜ் சிங், புந்தேல ராஜபுத்திரன். தந்தை சொரூப் சிங், முகலாயரின் கில்லேதார், அதாவது கோட்டைத் தலைவர். அவர் இறந்ததும் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் பாக்கிப் பணத்தைக் கேட்டார். மகன் பணியவில்லை. 1714 அக்டோபர் 3 அன்று சில நூறு குதிரைவீரர்களோடு பெரும்படை மீது பாய்ந்து மாண்டான்.

அவனைப் பாடும் கதைப்பாடலில் அவனுக்குச் சமமான நாயகன் அவன் குதிரை பாராசாரி. டெல்லி பாதுஷாவின் லாயத்தில் யாருக்கும் அடங்காத அந்தக் குதிரையை அடக்கித்தான் அவன் தேசிங்கு ஆகிறான். ஒரு குதிரைக்கு ஏன் இத்தனை பெரிய இடம்?

குதிரை தானாக வளரும் நாட்டோடு ஒப்பிட்டால் புரியும். 1812இல் நெப்போலியனின் படையைத் துரத்திய ரஷ்யக் கொசாக்குத் தளபதி மத்வேய் பிளாட்டோவின் ஊரில், குதிரை புல்வெளியிலேயே பிறக்கும். பனியைக் குளம்பால் கீறிப் புல்லைத் தின்னும். நமக்கோ குதிரை கப்பலில் வந்தது. கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலையே சொல்கிறது. பாண்டிய மன்னர் ஆண்டுக்கு 2,000க்கு மேல் வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சாது என்றும் 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதினார். பராமரிக்கத் தெரியாததுதான் காரணம் என்றார். அது பாதிக் காரணம்தான் என்பேன்.

மீதி வியர்வையில் இருக்கிறது. ஓடும் குதிரை செலவிடும் ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் வெறும் சூடாகிறது. மனிதனைப் போலவே அதுவும் வியர்த்துத்தான் தணிய வேண்டும். கடிவாள வார் உரசும் கழுத்தில் வெள்ளையாக நுரை தள்ளுமே, அது லேத்தரின் என்ற புரதத்தின் வேலை. சோப்பு மாதிரி வியர்வையை ரோமத்தின் மேல் பரப்பி, சீக்கிரம் உலர வைக்கும். எவ்வளவு அழகான ஏற்பாடு! ஆனால் நம் பக்கம் போலக் காற்றே ஈரமாக இருந்தால் வியர்வை உலராது, வழிந்து வீணாகும். போதாததற்கு அந்த வியர்வையில் உப்பு மிகுதி. நீரோடு உப்பும் போய்விடுவதால், உடல் வறண்டாலும் குதிரைக்குத் தாகம் சரியாக எடுக்காது. தண்ணீர் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

இந்த மண்ணில் ஒரு போர்க்குதிரையை உயிரோடு வைத்திருப்பதே சாதனை. அதனால்தான் பாராசாரிக்குப் பாட்டில் அந்த இடம்.

உயிருள்ள குதிரை எட்டாத சாமானியர், காவல் தெய்வமான அய்யனாருக்கு மண்குதிரை எடுத்தார்கள். முதலில் நான்கு கால்கள். அவை இறுகிய பிறகு வயிறு, கழுத்து. களிமண்ணில் மணலும் உமியும் கலந்து பிசைவார்கள். கலக்காவிட்டால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அந்தக் குதிரையும் சூளைச் சூட்டில் வெடித்துவிடும்.