குதிக்கும் காரை அடக்குவது யார்?

உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலையில், எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஒரு கார் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது, நொடிக்கு 25 மீட்டர். பாலம் தொடங்கும் இடத்தில் சின்ன மேடு. ‘டொக்’கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் வண்டிக்கு அடியில் என்ன நடந்தது?

மேட்டில் ஏறிய சக்கரம் ஸ்பிரிங்கை நசுக்கியது. ஸ்பிரிங் வாங்கிய ஆற்றலை அப்படியே திருப்பித் தந்துவிடும். சும்மா விட்டால் கார் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே போகும். ஓர் ஆட்டத்துக்குச் சுமார் ஒரு நொடி. நாலு ஆட்டம் ஆடி அடங்குவதற்குள் கார் 100 மீட்டர் தாண்டியிருக்கும்! கார் எழும்பி நிற்கும் கணத்தில் டயர் சாலையை அழுத்துவது குறையும், பிடிமானமும் குறையும். பிரேக்கும் ஸ்டியரிங்கும் அந்தப் பிடிமானத்தை நம்பித்தானே இருக்கின்றன?

பழைய வில்வண்டியிலும் ஸ்பிரிங் பட்டைகள் உண்டு. அவை ஒன்றோடொன்று உரசியே ஆட்டம் ஓரளவு அடங்கும். மாடு ஓடும் வேகத்துக்கு அது போதும். காருக்குப் போதாது, அதற்குத்தான் ஷாக் அப்சார்பர்.

அது எண்ணெய் நிரம்பிய ஒரு குழாய். உள்ளே சிறு துளைகளுள்ள பிஸ்டன். ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி மெதுவாக அழுத்துங்கள், சுலபம். வேகமாக அழுத்துங்கள், கையைத் தடுக்கும். இதே தடைதான் காரின் ஆட்டத்தையும் நிறுத்துகிறது. ஆட்டத்தின் ஆற்றல் எண்ணெயில் வெப்பமாக மாறிவிடும். இதில் ஒரு நுட்பம் உண்டு: பெரும்பாலான கார்களில் ஸ்பிரிங் நசுங்கும்போது தடை குறைவு, விரியும்போது அதிகம்.

அப்படியானால் மிகக் கடினமான ஷாக் அப்சார்பரே சிறந்ததா? இல்லை. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் சாலை வழவழப்பு. அங்கே கடினமானது சரி. அதையே மாட்டிக்கொண்டு கச்சிராயப்பாளையம் வழியாகக் கல்வராயன் மலையின் வெள்ளிமலைக்கு ஏறினால், ஒவ்வொரு குழியிலும் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். ரொம்ப மென்மையாக இருந்தாலோ, நெடுஞ்சாலையில் கார் படகுபோல அசையும்.

நெடுநேரம் குலுங்கினால் எண்ணெய் சூடாகி நுரைக்கும். நுரை துளைகளில் எளிதாக நுழைந்துவிடுவதால் தடை போய்விடும். அதனால்தான் சிலவற்றில் நைட்ரஜன் வாயுவை அடைத்து எண்ணெயை அழுத்தத்தில் வைக்கிறார்கள். வேகமாக, வெகுதூரம் ஓடும் காருக்கு இந்த வகை நல்லது. எதுவானாலும் அந்தக் காரின் எடைக்கும் ஸ்பிரிங்குக்கும் பொருந்த வேண்டும். பளபளக்கும் சிவப்புப் பெயின்ட்டைப் பார்த்து வாங்குவது வீண்!

ஷாக் அப்சார்பர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, நிற்கும் காரின் ஒரு மூலையைப் பெரியவர் ஒருவரை அழுத்திவிட்டுக் கையை எடுக்கச் சொல்லுங்கள். எழும்பி உடனே அடங்கினால் நல்லது. தொடர்ந்து ஆடினாலோ, குழாயில் எண்ணெய் கசிந்திருந்தாலோ மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லுங்கள். மாற்றும்போது இடம், வலம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.