விலை ஏறினால் நாதம் ஏறுமா?

செட்டிநாட்டுக்காரர்களுக்கு மரத்தின் அருமை தெரியும். கண்டரமாணிக்கம் போன்ற ஊர்களில் பழைய வீட்டின் முகப்புத் தூணைக் காட்டுகிறவர்கள், பர்மா தேக்கு என்பதோடு ஒரே மரம் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். இசைக்கருவி வாங்கும்போதும் இந்தக் கண்தான் முந்திக்கொள்கிறது. தஞ்சாவூரில் பலா மரத்தில் செய்யும் வீணை இரண்டு வகை. குடம், தண்டி, யாளி முகம் எல்லாவற்றையும் ஒரே கட்டையில் குடைந்தெடுத்தால் ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை. ஏகாந்த வீணைக்கு விலை கூடுதல். கிட்டார் கடையிலும் இதே கதைதான்: மரத்தின் பெயர் மாறினால் விலைச்சீட்டில் ஒரு சைபர் கூடிவிடுகிறது. கூடக் கொடுக்கும் பணம் காதுக்கு வந்து சேருகிறதா? ஓர் எல்லை வரை நிச்சயமாகச் சேருகிறது. அதற்கு மேல் கொடுப்பது பெரும்பாலும் மரத்தின் அபூர்வத்துக்கும் அலங்காரத்துக்கும் பெயருக்கும்தான் என்பது என் கருத்து.

அந்த எல்லைக்குக் கீழே சிக்கனம் பார்ப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். மிக மலிவான கிட்டாரில் கம்பி பலகையிலிருந்து எட்டி நிற்கும்; புதிதாகப் பழகும் விரல் ஒரு வாரத்தில் புண்ணாகும். மெட்டுகளின் இடைவெளி சற்றே பிசகியிருந்தால், எவ்வளவு சுருதி சேர்த்தாலும் மேலே போகப் போக ஸ்வரம் விலகும். பிள்ளைக்கு ஞானம் போதவில்லை என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள், குற்றம் கருவியினுடையது. வீணையில் இது இன்னும் நுட்பமானது. 24 மெட்டுகளையும் கரி கலந்த தேன்மெழுகுப் படுகையில் ஒவ்வொன்றாகப் பதித்து, காதால் கேட்டுக் கேட்டு நகர்த்தி நிறுத்துவதை மேளம் கட்டுதல் என்பார்கள். மேளம் பிசகிய ஏகாந்த வீணையைவிட மேளம் சுத்தமாக நிற்கும் ஒட்டு வீணை எவ்வளவோ மேல். இந்த வேலைக்குக் கொடுக்கும் கூலியில் ஒரு ரூபாய்கூட வீண் இல்லை.

மரத்தின் பங்கை ஆராய்ந்தவர்கள் உண்டு. ஸ்பெயின் நாட்டில் இன்றைய கிட்டாருக்கு வடிவம் கொடுத்த அந்தோனியோ டோரெஸ் 1862-ல் ஒரு கிட்டாரின் முதுகையும் பக்கங்களையும் காகிதக் கூழ் அட்டையில் செய்தார். மேல் பலகை மட்டும் நல்ல மரம். நாதத்தின் பெரும்பகுதி மேல் பலகையில்தான் பிறக்கிறது என்று காட்டவே அப்படிச் செய்தார். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வு அதை இன்னும் உறுதிப்படுத்தியது. ஒரே அமைப்பில் 6 கிட்டார்கள். முதுகுக்கும் பக்கங்களுக்கும் மட்டும் வேறு வேறு மரம். 52 கலைஞர்கள், மரம் கண்ணுக்குத் தெரியாதபடி, மங்கிய வெளிச்சத்தில் வெல்டிங் கண்ணாடி அணிந்து வாசித்தார்கள். அரிய பிரேசில் ரோஸ்வுட்டுக்கும் மலிவான மரங்களுக்கும் அவர்கள் கொடுத்த மதிப்பெண்ணில் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே பணம் கூடுதலாக இருந்தால், ஒட்டுப்பலகைக்குப் பதில் முழு மரத்தாலான மேல் பலகைக்குக் கொடுக்கலாம். முதுகு மரத்தின் பெயருக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

கிட்டாரில் கண்டதை வீணைக்கு அப்படியே பொருத்தலாமா என்று கேட்பது நியாயமே. வீணைக் குடம் கனமாகக் குடைந்தெடுத்தது, கிட்டாரின் மெல்லிய முதுகு போன்றதல்ல. கமகத்துக்காகக் கம்பியை இழுக்கும்போது நாதம் அறுந்துவிடாமல் நீள வேண்டும். அதற்கு மரத்தின் முதிர்ச்சியும் வேண்டும். ஏகாந்த வீணையில் இணைப்பு விட்டுப்போகும் பயமும் இல்லை. ஆயுள் முழுவதும் மேடையில் வாசிக்கப் போகிறவருக்கு அந்த விலை தகும். ஆனால் கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு? நம் காரைக்குடியின் பெயரைத் தாங்கிய வீணைப் பாணியையே எடுத்துக்கொள்ளுங்கள். காரைக்குடி சகோதரர்களில் மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்தி வைத்து வாசித்தவர். இளையவர் சாம்பசிவ ஐயர் 1952-ல் சங்கீத கலாநிதி ஆனவர், கலாக்ஷேத்ராவில் பலருக்குக் கற்பித்தவர். அவர்களுடைய மீட்டும் அழுத்தமும் சீடர்கள் வழியே இன்றும் வாழ்கின்றன, வேறு வேறு வீணைகளில். அந்தப் பாணி கைவழியாக வந்தது. ஒரு குறிப்பிட்ட கட்டையோடு அது ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.

விலையைக் குறைத்துப் பேசினால் கைவினைஞர் வயிற்றில் அடிப்பதாகாதா என்பது இன்னொரு கேள்வி. தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. செய்யும் கைகளோ குறைந்துகொண்டு வருகின்றன. அதனால்தான் பணம் எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்கிறேன். சித்திர வேலைக்குக் கொடுப்பதைவிட, ஓராண்டு கழித்து மேளம் சரிசெய்ய அதே ஆசாரியைத் தேடிப்போய்க் கொடுப்பது அவருக்கும் வருமானம், கருவிக்கும் ஆயுள். வெயிலில் மெழுகு இளகும், இழுத்து வாசிக்க மெட்டு தேயும். இந்தச் செலவு எந்த விலை வீணைக்கும் உண்டு. கிட்டார் வாங்குகிறவர் கடையிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். 12-ஆவது மெட்டுக்கு நேர் மேலே கம்பியை விரலால் தொட்டும் தொடாமலும் வைத்து மீட்ட வேண்டும். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்ட வேண்டும். இரண்டும் ஒரே ஸ்வரமாக நின்றால், அடுத்து விலை பேசலாம். நிற்காவிட்டால் அதைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள், முடியாது என்றால் வேறு கிட்டாரை எடுங்கள்.