சைலென்சரை நாமே மாற்றுவதா, கடைக்குக் கொடுப்பதா?

மோல்மின், தட்டோன் பக்கமிருந்து சண்டைக்குப் பயந்து ரங்கூனுக்கு வந்த நம்மவர்களில் சிலர் மோட்டார் சைக்கிளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வந்த பிறகுதான் நகருக்குள் அதை ஓட்ட முடியாது என்று தெரிந்தது. 2003-ம் ஆண்டு முதல் அங்கே தடை. ஏன் தடை என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள், அதை விடுவோம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் டலாவில் ஓட்டலாம். இங்கே வாடகை வண்டியே மோட்டார் சைக்கிள்தான். நானும் அந்த வசதிக்காகத்தான் டலாவில் குடியேறினேன்.

என்னுடையது பழைய கென்போ 125. போன மழைக்காலத்தில் அதன் சைலென்சர் அடிப்பக்கம் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. துரு வெளியே இருந்து மட்டும் வருவதில்லை. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. வண்டி நீண்ட தூரம் ஓடினால் குழாய் நன்றாகச் சூடேறி அந்த ஆவி வெளியே போய்விடும். வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் பத்து நிமிஷம் மட்டும் ஓடும் வண்டியில் அது தண்ணீராகி உள்ளேயே தங்கிக் குழாயைத் தின்றுவிடும். மே முதல் அக்டோபர் வரை பெய்யும் மழையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

புதுக் குழாய் வாங்கிவிட்டேன். பொருத்துவதற்குக் கடையில் கேட்ட கூலி என் ஒரு நாள் சம்பளம். 2018-ல் நாளொன்றுக்கு 4,800 கியாட் என்று குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தார்கள். பிறகு அதன்மேல் படி சேர்த்தார்கள். அரிசி விலை அதைவிட வேகமாக ஏறிவிட்டது. ஆகவே நானே மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

வேலை பெரிய வித்தையல்ல. இஞ்சின் தலையில் இரண்டு சிறிய நட்டு, 10-ம் நம்பர் ஸ்பானர் போதும். பின்னால் தாங்கும் போல்ட்டுக்கு 12 அல்லது 14. ஆனால் நான் அவசரப்பட்டேன். துருப்பிடித்த நட்டில் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற வைத்திருக்க வேண்டும். அப்படியே முறுக்கினேன். மறை ஆணி 'டக்'கென்று உள்ளேயே முறிந்தது. அதோடு விட்டேனா? மற்ற நட்டை மட்டும் இறுக்கிவிட்டு, ஓடுகிறதா பார்ப்போம் என்று வீட்டுக்கு அடியிலேயே இஞ்சினை ஓடவிட்டேன்.

நம் வீடுகள் கால் நட்டுக் கட்டிய வீடுகள், மூங்கில் தரை. மேலே என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரி கத்தினாள்.

"ஏங்க, இஞ்சினை நிறுத்துங்க! பிள்ளை தலை வலிக்குதுன்னு வாந்தி எடுக்குது!"

புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிக்காற்றுக்கு ஓடினோம். சாயங்காலத்துக்குள் தெளிந்துவிட்டாள். என் கை நடுக்கம் நிற்க இரண்டு நாளாயிற்று.

மறுநாள் ஷிப்டை விட்டுவிட்டு வண்டியைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். இங்கே மெக்கானிக்கை 'சயா' என்றுதான் கூப்பிட வேண்டும், பேர் சொல்லக் கூடாது. சயா ஒன்றும் திட்டவில்லை. முறிந்த ஆணியைத் துளை போட்டு எடுத்து, புது ஆணி வைத்தார். மொத்தம் இரண்டு நாள் சம்பளம் போயிற்று, ஷிப்ட் கூலி தனி.

அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இஞ்சின் வாயில் இருந்த பழைய வளையத்தை நோண்டி எடுத்துவிட்டுப் புதியது வைத்தார். நான் பழையதையே விட்டிருப்பேன். எல்லா நட்டையும் முதலில் கையால் தளர்வாகப் பூட்டினார். பிறகு இஞ்சின் பக்கத்து இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசியில்தான் பின் போல்ட்டை இறுக்கினார். பின்னால் முதலில் இறுக்கினால் குழாய் கோணலாகி வாயில் கசியுமாம். ஓடி ஆறிய பிறகு இன்னொரு தடவை இறுக்கவும் சொன்னார்.

இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான்: முந்தின இரவு எண்ணெய் விட்டு வையுங்கள். காலையில் இஞ்சின் ஆறியிருக்கும்போது சாதாரண பலத்தில் நட்டு அசைந்தால் நீங்களே செய்யுங்கள். அசையாவிட்டால், அல்லது நட்டின் மூலை மழுங்கியிருந்தால், அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு சயாவிடம் போங்கள். ஓட்டையுள்ள சைலென்சரோடு நாளைக் கடத்த வேண்டாம். சோதனைச் சாவடியில் சத்தம் போடும் வண்டியைத்தான் முதலில் நிறுத்துவார்கள். பேப்பர் சரியில்லாதவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் இப்போது காலையில் வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் உதைக்கிறேன். பக்கத்து வீட்டு பர்மாக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். 10-ம் நம்பர் ஸ்பானர் என்னிடம் இருக்கிறது, வேண்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளலாம்.