மேக்கப் இல்லாத மெயில்!

மாதத்தின் முதல் தேதி. சம்பளம் கணக்கில் விழுந்து இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. உங்கள் ஈ-மெயில் பெட்டிக்கு ஒரு கடிதம் வருகிறது. உங்கள் பேங்கின் சின்னம், அதே கலர், அதே எழுத்து. ‘உங்கள் கணக்கு இன்று மாலை 5 மணிக்குள் முடக்கப்படும். தவிர்க்க இங்கே அழுத்தவும்’ என்று நடுவில் ஒரு நீலப் பட்டன். மேனேஜர் வேறு உங்கள் பக்கமாக வந்துகொண்டிருக்கிறார். அவசரத்தில் அழுத்துகிறீர்கள். பேங்க் மாதிரியே ஒரு பக்கம் திறக்கிறது. பாஸ்வேர்டு கேட்கிறது, ஓ.டி.பி. கேட்கிறது. கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிறீர்கள். திரும்பி வந்து பார்த்தால்... சம்பளம் வந்து போன சுவடே இல்லை!

இப்படி ஏமாற, எழுதப் படிக்கத் தெரியாதவராக இருக்க வேண்டியதில்லை. எம்.பி.ஏ.வும் ஏமாறலாம், இன்ஜினீயரும் ஏமாறலாம். காரணம் அறியாமை இல்லை... வேஷம்! கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டதும் ஹீரோவை வில்லனுக்கு அடையாளம் தெரியாமல் போவதைப் பார்த்து சினிமாத் தியேட்டரில் சிரிக்கிறோமே... ஒரு லோகோவை ஒட்டிக்கொண்டதும் திருடனை நமக்கு அடையாளம் தெரிவதில்லையே, அது மட்டும் என்னவாம்?

அந்த மருவைப் பிய்த்துவிட்டு மெயிலைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. புதுசு இல்லை, ரொம்பப் பழசு. காசும் கிடையாது. கறுப்புத் திரையில், வெறும் எழுத்தாக மட்டும் மெயிலைக் காட்டும் புரோகிராம்கள். படம் கிடையாது, பட்டன் கிடையாது, மவுஸுக்கு லீவு. கீ-போர்டு மட்டும் போதும்.

“என்ன சார் இது, ரயில்வே ரிசர்வேஷன் கவுன்ட்டர்ல பார்த்த ஸ்கிரீன் மாதிரி இருக்கு?” என்பீர்கள். அந்த ஜாதிதான். கொஞ்சம் பழகிவிட்டால் அந்த கவுன்ட்டர் கிளார்க்கின் வேகமும் உங்களுக்கு வந்துவிடும்!

*

ஈ-மெயில் பிறந்ததே எழுத்தாகத்தான். 1971-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் நகரத்தில் ரே டாம்லின்சன் என்ற இன்ஜினீயர், ஒரே அறையில் இருந்த இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவே அர்பாநெட் வழியாக ஒரு செய்தி அனுப்பினார். ஆள் பெயரையும் கம்ப்யூட்டர் பெயரையும் பிரிக்க ‘அட்’ குறியை எடுத்துப் போட்டவரும் அவர்தான். அந்த முதல் மெயிலில் என்ன எழுதினார் என்று கேட்டபோது, அவருக்கே சரியாக ஞாபகம் இருக்கவில்லை. ஏதோ கைக்கு வந்த எழுத்துகளைத் தட்டினாராம். சரித்திரம் சில சமயம் இப்படித்தான் அசட்டுத்தனமாக ஆரம்பிக்கும்.

அதற்கப்புறம் மெயில் படிக்க நிறைய புரோகிராம்கள் வந்தன. நம் கதைக்கு வேண்டியவர்கள் இரண்டு பேர்.

முதல் ஆள் ‘பைன்’. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989-ல் உருவாக ஆரம்பித்தது. யாருக்காகத் தெரியுமா? விஞ்ஞானிகளுக்காக இல்லை, அங்கே ஆபீஸ் வேலை பார்த்த ஊழியர்களுக்காக! அதனால்தான் திரையின் அடியில் இரண்டு வரியில், எந்தக் கீயைத் தட்டினால் என்ன நடக்கும் என்று எப்போதும் எழுதியிருக்கும். மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. அதன் வாரிசு 2007-ல் வந்த ‘ஆல்பைன்’. இன்றைக்கும் கிடைக்கிறது.

இரண்டாவது ஆள் ‘மட்’. 1995-ல் மைக்கேல் எல்கின்ஸ் என்பவர் எழுதியது. மட் என்றால் இங்கிலீஷில் கலப்பு ஜாதி நாய். ‘எல்லா மெயில் புரோகிராமும் மோசம்தான், இது கொஞ்சம் குறைச்சலாக மோசம்’ என்பது அதன் விளம்பர வாசகத்தின் சாரம். இவ்வளவு உண்மை பேசும் விளம்பரத்தை வேறு எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

நம் ஊருக்கும் இந்தக் கறுப்புத் திரைக்கும் பழைய சிநேகம் உண்டு. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் திறந்துவிட்டபோது, குறைந்த காசில் கிடைத்தது ‘ஷெல் அக்கவுன்ட்’. அதில் படமே வராது. மெயிலுக்கு பைன், வலைப் பக்கங்களுக்கு லிங்க்ஸ், எல்லாம் வெறும் எழுத்து. மோடம் கீச்சிட்டுக் கொண்டு டெலிபோன் லைனைப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் வீட்டுக்கு யார் போன் செய்தாலும் எங்கேஜ்டுதான். ‘நலம், நலமறிய ஆவல்’ என்பதைக்கூட இங்கிலீஷ் எழுத்தில் தட்டி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள்.

அப்புறம் விண்டோஸ் பரவியது. கலர் வந்தது, படம் வந்தது, மெயிலுக்குப் பட்டன் வந்தது. கூடவே மேக்கப் மேனும் வந்தார்.

லவ் லெட்டர் செய்த லொள்ளு

2000, மே 4. உலகமெங்கும் ஆபீஸ்களில் ஒரே தலைப்பில் மெயில்: ‘ஐ லவ் யூ’. கூடவே ஒரு இணைப்பு. சும்மா இருப்பார்களா? மனுஷ ஜென்மமாச்சே! உம்மணாமூஞ்சி அக்கவுன்ட்டன்டிடமிருந்து வந்திருந்தாலும் திறந்து பார்த்தார்கள்.

அந்த இணைப்பின் முழுப் பெயர் ‘லவ்-லெட்டர்-ஃபார்-யூ டாட் டி.எக்ஸ்.டி. டாட் வி.பி.எஸ்.’ கடைசியில் இருக்கும் அந்த வி.பி.எஸ்.தான் விவகாரம். அது கடிதம் இல்லை, ஓடக்கூடிய புரோகிராம் என்று அர்த்தம். ஆனால், விண்டோஸ் வழக்கமாகக் கடைசி வாலை மறைத்துவிடும். பார்த்தவர் கண்ணுக்குத் தெரிந்தது டி.எக்ஸ்.டி. மட்டும். அப்பாவியான எழுத்துக் கோப்பு என்று நினைத்துத் திறந்தார்கள். அது உடனே அவுட்லுக்கின் அட்ரஸ் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அதே காதல் கடிதத்தை அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டரில் இருந்த படங்களையும் நாசம் செய்தது. பிரிட்டிஷ் பாராளுமன்றம்கூட அன்று மெயிலை இழுத்து மூடியது. இத்தனையும் பிலிப்பைன்ஸில், மணிலாவில் இருந்த ஓர் இளைஞரின் வேலை. அந்த நாட்டில் அப்போது இதற்குச் சட்டமே இல்லாததால் தண்டனையும் இல்லை.

அன்றைக்கு பைனில் மெயில் பார்த்தவர்களுக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. இணைப்பின் பெயர் வாலோடு முழுசாகத் தெரிந்தது. யுனிக்ஸ் கம்ப்யூட்டரில் அந்த வி.பி.எஸ். ஓடவும் ஓடாது. ‘டி’ என்ற கீயைத் தட்டிக் காதலை முறித்துக்கொண்டார்கள். தீர்ந்தது.

ஊர் பேர் கடைசியில்!

இப்போது முதலில் சொன்ன அந்த பேங்க் மெயிலுக்கு வருவோம். அதையே ஆல்பைனில் திறந்தால் லோகோ இல்லை, கலர் இல்லை. முக்கியமான விஷயம், ‘இங்கே அழுத்தவும்’ என்ற வார்த்தைகளுக்குப் பக்கத்திலேயே, அந்த லிங்க் உண்மையில் எந்த சர்வருக்குப் போகிறது என்பதைச் சதுர அடைப்புக்குள் ஆல்பைன் எழுதிக் காட்டும். நீங்கள் கேட்கவே வேண்டாம். என்டர் தட்டினாலும் உடனே திறக்காது. முழு முகவரியையும் காட்டி, ‘திறக்கட்டுமா?’ என்று ஒரு தடவை கேட்கும்.

அந்தப் பெயரைப் படிக்கவும் ஒரு வழி இருக்கிறது. போஸ்ட் கவரில் ஊர் பேர் எங்கே இருக்கும்? கடைசியில்தானே! வலை முகவரியும் அப்படித்தான். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, கடைசியிலிருந்து படியுங்கள். முன்னால் உங்கள் பேங்கின் பெயர் நாலு தடவை வந்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை. கடைசித் துண்டுகள் யாருடையவையோ, கடிதமும் அவருடையதே. இந்திய வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டதும் இந்தக் காரணத்துக்காகத்தான். கடைசியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையா? ‘டி’!

எட்டிப் பார்க்கும் புள்ளி

இன்னொரு சங்கதி. பல விளம்பர மெயில்களில் கண்ணுக்கே தெரியாத ஒரு குட்டிப் படம் இருக்கும். ஒரே ஒரு புள்ளி அளவு. மெயிலைத் திறந்ததும் அந்தப் படம் அனுப்பியவருடைய சர்வரிலிருந்து இறங்கும். ‘ஆசாமி திறந்துவிட்டார், இத்தனை மணிக்கு’ என்று அங்கே பதிவாகிவிடும். பக்கத்து வீட்டு ஜன்னல் மாதிரி! எழுத்து மெயிலில் படமே இறங்காது. ஆகவே, வேவும் கிடையாது. நீங்கள் படித்தீர்களா, படிக்காமல் தூக்கிப் போட்டீர்களா என்பது உங்களுக்கும் உங்கள் மனசாட்சிக்கும் மட்டும் தெரியும்.

ஆபீஸ்காரர்களுக்கு இன்னொரு உபகாரமும் உண்டு. பலருக்கு வந்த மெயிலுக்கு நீங்கள் பதில் எழுத ‘ஆர்’ தட்டினால், ‘எல்லாருக்குமா?’ என்று ஆல்பைன் கேட்டுவிட்டுத்தான் மேலே போகும். இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 1997-ல் மைக்ரோசாஃப்டிலேயே, சுமார் 13,000 பேர் அடங்கிய ஒரு பட்டியலுக்கு ஒருவர் ‘என் பெயரை நீக்குங்கள்’ என்று எழுதினார். ‘என் பெயரையும்!’ என்று மற்றவர்கள் எல்லாருக்கும் பதில் போட்டார்கள். ‘எல்லாருக்கும் பதில் போடாதீர்கள்’ என்று சிலர் எல்லாருக்கும் பதில் போட்டார்கள்! சுமார் ஒன்றரைக் கோடி மெயில் பறந்து, சர்வர்கள் படுத்துவிட்டன.

ஆரம்பிப்பது எப்படி?

● உபுண்டு லினக்ஸ் என்றால் ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஆல்பைன்’. (தட்டும்போது இங்கிலீஷில், எல்லாம் சின்ன எழுத்தில்.) விண்டோஸுக்கும் ஆல்பைன் உண்டு.

● ‘ஆல்பைன்’ என்று தட்டி என்டர். மெனு வரும். ‘எஸ்’, பிறகு ‘சி’ தட்டினால் செட்டிங்ஸ். உங்கள் பெயர், மெயில் வரும் சர்வர், போகும் சர்வர் ஆகியவற்றை அங்கே நிரப்ப வேண்டும்.

● ஜிமெயில் வைத்திருப்பவர்கள் கவனிக்க: 2022 மே மாதத்திலிருந்து வழக்கமான பாஸ்வேர்டை இந்த மாதிரி புரோகிராம்களில் கூகுள் ஏற்பதில்லை. முதலில் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டுக்கொண்டு, பிறகு 16 எழுத்து ‘ஆப் பாஸ்வேர்டு’ வாங்க வேண்டும். அது உங்கள் முழுப் பெட்டிக்கும் சாவி. மானிட்டரில் சீட்டு ஒட்டி வைக்காதீர்கள்!

● முக்கியமான கீகள்: ‘சி’ - புதுசாக எழுத. ‘ஐ’ - வந்த கடிதங்களின் பட்டியல். ‘ஆர்’ - பதில். ‘எஃப்’ - இன்னொருவருக்கு அனுப்ப. ‘டி’ - அழிக்க. ‘யூ’ - ஐயோ, அழித்ததைத் திருப்பிக் கொடு! ‘கண்ட்ரோல்-எக்ஸ்’ - அனுப்ப. ‘க்யூ’ - வெளியே வர.

● ‘எஸ்’ - கடிதத்தை வேறு பெட்டியில் போட. உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஒரு பெட்டி வைத்து, வேலை உத்தரவு, வாடகை ஒப்பந்தம், அப்பா எழுதிய கடிதம் இவற்றைச் சேமியுங்கள். சாதாரண எழுத்துக் கோப்பாக அது உங்களிடம் இருக்கும். இரண்டு வருஷம் எட்டிப் பார்க்காத கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் நீக்க ஆரம்பித்திருக்கிறது என்பது ஞாபகம் இருக்கட்டும்.

*

குறையே இல்லையா? ஏன் இல்லை, தாராளமாக இருக்கிறது. நண்பன் அனுப்பிய கல்யாணப் போட்டோ திரையில் வராது. அதைத் தனியாகச் சேமித்துத் திறக்க வேண்டும். தமிழ் எழுத்து வரும், ஆனால் பல கறுப்புத் திரைகளில் கொம்பும் காலும் கொஞ்சம் இடம் மாறி நின்று மானத்தை வாங்கும். மீட்டிங் அழைப்பு, கலர் அட்டவணை எல்லாம் அலங்கோலமாகத் தெரியும். ஆபீஸ் மெயிலில் இதையெல்லாம் பயன்படுத்தலாமா என்று சிஸ்டம் அட்மின்னை ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. அவர் சந்தோஷப்பட்டாலும் படுவார், அவர் ரகசியமாக உபயோகிப்பதே மட் ஆக இருக்கலாம்! லினக்ஸின் மூலக் கருவை எழுதுகிறவர்கள் இன்றைக்கும் தங்கள் திருத்தங்களை வெறும் எழுத்து மெயிலில்தான் அனுப்பிக்கொள்கிறார்கள். ஜிமெயிலின் வலைப் பக்கம் இந்த வேலைக்கு உதவாது என்று அவர்களுடைய கையேடே சொல்கிறது.

எல்லா மெயிலையும் இதிலேயே பாருங்கள் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கலர் வேண்டியவர்கள் கலரிலேயே பார்க்கலாம். ஆனால், பணம், பாஸ்வேர்டு, ‘உடனே’, ‘அவசரம்’ என்ற வார்த்தைகளோடு ஒரு மெயில் வந்தால் மட்டும் அதைக் கறுப்புத் திரையில் ஒரு தடவை திறந்து பாருங்கள். பெண் பார்க்கப் போகிறவர்களுக்கு நம் பாட்டிகள் சொல்லும் யோசனைதான்: “பட்டுப்புடவையில பார்த்தது போதும்டா. ஒரு நாள் சொல்லாமக் கொள்ளாமப் போய், வீட்டுல இருக்கிற மாதிரி பார்த்துட்டு வா!”