உலக சாதனையை விட வேகமா ஓடியும் அது ஏன் உலக சாதனை இல்லை? ஜூனியர் தடை ஓட்டத்தின் 3 அங்குலக் கணக்கு

ஆண்களுக்கான 110 மீட்டர் தடை ஓட்டத்தில் உலக சாதனை 12.80 விநாடி. 2012 செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸ் நகரில் அமெரிக்காவின் ஏரீஸ் மெரிட் படைத்தது. 2021 ஆகஸ்ட்டில் நைரோபியில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகத் தடகளப் போட்டியில், பிரான்ஸைச் சேர்ந்த 19 வயது சாஷா சோயா அதே 110 மீட்டரை 12.72 விநாடியில் ஓடி முடித்தார். ஆனாலும் மெரிட்டின் சாதனை அப்படியே இருக்கிறது. சோயாவுக்குக் கிடைத்தது ஜூனியர் உலக சாதனை மட்டும்தான்.

ஏன் இப்படி? இதற்கான பதில், மல்லாங்கிணற்றில் இருந்து குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி என்று ஏறி வரும் ஒரு பையனுக்கும் அவன் வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டியது.

வித்தியாசம் எங்கே இருக்கு?

தூரத்தில் இல்லை. எல்லாப் பிரிவிலும் 10 தடைகள்தான். ஜூனியருக்கும் சீனியருக்கும் முதல் தடை 13.72 மீட்டரில், அடுத்தடுத்த தடைகள் 9.14 மீட்டர் இடைவெளியில். மாறுவது உயரம்:

• 18 வயதுக்குட்பட்டோர்: 91.4 செ.மீ. (36 அங்குலம்)
• 20 வயதுக்குட்பட்டோர்: 99.1 செ.மீ. (39 அங்குலம்)
• சீனியர்: 106.7 செ.மீ. (42 அங்குலம்)

ஒவ்வொரு படிக்கும் 3 அங்குலம். நம்ம ஊர் கணக்கில் சொன்னால், சுமார் ஒன்றரை தீப்பெட்டி நீளம்.

3 அங்குலம் அவ்வளவு பெரிய விஷயமா?

தடை ஓட்டம் என்பது குதிப்பது இல்லை, ஓட்டத்தின் ஊடே தடையைக் கடப்பது. இரண்டு தடைகளுக்கு நடுவே மூன்றே எட்டுகள். தடைக்குச் சுமார் 2 மீட்டர் முன்னால் கால் எழும்பி, அந்தப் பக்கம் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி இறங்கும். தடை உயர்ந்தால் உடம்பை இன்னும் மேலே தூக்கணும், காற்றில் இருக்கும் நேரம் கூடும், இறங்கும்போது வேகம் குறையும். அந்தச் சின்ன இழப்பு 10 முறை சேரும்.

சோயாவே இதற்கு உதாரணம். அடுத்த ஆண்டு சீனியர் உயரத்தில் ஓடியபோது அவரால் 13 விநாடிக்குக் கீழே வர முடியவில்லை. அவர் மெதுவாகிவிடவில்லை. தடைதான் உயர்ந்துவிட்டது.

அப்போ ஜூனியர் வெற்றிக்கு மதிப்பே இல்லையா?

நிச்சயம் உண்டு. 1986-ல் ஏதென்ஸில் நடந்த முதல் ஜூனியர் உலகப் போட்டியில் வென்ற பிரிட்டனின் காலின் ஜாக்சன், 1993-ல் 12.91 விநாடியில் சீனியர் உலக சாதனை படைத்தார். 2004-ல் ஜூனியர் பட்டம் வென்றவர்தான் ஏரீஸ் மெரிட். ஆனால் அப்போது ஜூனியர்களும் 42 அங்குலத் தடையைத்தான் தாண்டினார்கள். ஜூனியர் உலகப் போட்டிக்கு 39 அங்குலம் வந்தது 2006-ல்.

பதக்கம் இல்லாமல் போனவரும் மேலே வந்திருக்கிறார். சீனாவின் லியூ ஷியாங் 2000-ல் ஜூனியர் உலகப் போட்டியில் நான்காவது இடம். நான்கே ஆண்டில், ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம். அதுவும் ஜாக்சனின் அதே 12.91 விநாடியில்.

இந்தியா எங்கே நிற்குது?

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் குர்பச்சன் சிங் ரந்தாவா ஐந்தாவது இடம் பிடித்தார். 2024 மே மாதம் மகாராஷ்டிராவின் தேஜஸ் ஷிர்சே பின்லாந்தில் 13.41 விநாடியில் ஓடி, சித்தாந்த் திங்களாயாவின் 13.48 என்ற தேசிய சாதனையை முறியடித்தார். பாரிஸ் ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி 13.27 விநாடி. இடைவெளி வெறும் 0.14 விநாடி.

ஊர் மைதானத்தில் எதைக் கவனிக்கணும்?

முதலில் பாதுகாப்பு. தடையின் அடிக்கால்கள் ஓடி வருபவரை நோக்கி நீண்டிருக்க வேண்டும். அப்போதுதான் கால் பட்டால் தடை முன்னால் சாயும். திருப்பி வைத்தால் சாயாது, பையன்தான் விழுவான். கரிசல் மண் மழையில் ஒட்டும், கோடையில் வெடிக்கும். அதனால் கால் வைக்கும் இடத்தை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது, தட்டிவிட்டாலே அவுட் என்ற பயம். ஓடும் வேகத்தில் தடை விழுந்தாலே எப்போதும் தகுதி நீக்கம் என்பது கிடையாது. வேகம் குறையும், அவ்வளவுதான்.

மூன்றாவது, பிறந்த ஆண்டு. போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று 20 வயது நிறையாதவரே ஜூனியர். 2007 டிசம்பரில் பிறந்தவர், 19 வயதிலேயே, 2027 ஜனவரி 1 முதல் சீனியர். அதனால் கடைசி ஜூனியர் சீசன் முடியும் முன்பே 42 அங்குலத்தில் பயிற்சியைத் தொடங்கிவிடுவது நல்லது.

கல்லூரி, வேலை, வீட்டுச் செலவு எல்லாம் ஒன்றாக வந்து நிற்பதும் இதே வயதில்தான். "போன வருஷத்தை விட ஸ்லோ ஆயிட்டான், ஓடினது போதும்" என்று வீட்டில் முடிவெடுப்பதும் அப்போதுதான். அந்த முடிவுக்கு முன் பி.டி. சாரிடம் "எத்தனை செகண்ட்?" என்று மட்டும் கேட்காதீங்க. "எத்தனை அங்குலத்துல?" என்றும் சேர்த்துக் கேளுங்க.