தொட்டறியும் சிறுகை

ஐம்பொறிகளுள் முதன்மையானது எது என்று வினவினால், கண் என்றே பலரும் விடை கூறுவர். தொல்காப்பியர் அவ்வாறு கருதினாரல்லர். மரபியலில் உயிர்களை அறிவு வகையால் அடுக்கும்போது, தொட்டறியும் அறிவையே அவர் முதற்கண் வைத்தார். அதன்மேல் சுவை, நாற்றம், காட்சி, கேள்வி என ஏறி, மனத்தை ஆறாவதாக நிறுத்தினார். அவர் கூறியது உயிர்வகை பற்றியதேயாயினும், கருவில் முதலில் தோன்றும் புலன் தொடுவுணர்வே என்று இக்கால மருத்துவமும் சொல்லும். பல்லாண்டுகளாக இப்பகுதியை வகுப்பிற் பாடஞ்சொல்லி வந்த நான், அதன் நயத்தைக் கண்ணாரக் கண்டது சென்ற மாசி மாதத்தில், முள்ளிவாய்க்காலில் ஒரு வீட்டு விறாந்தையிலேதான்.

நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையே கிடக்கும் அந்த மணல் நிலத்திலே என் பழைய மாணவி ஒருத்தி வாழ்கிறாள். அவளுடைய எட்டு மாதக் குழந்தை பாயில் அமர்ந்திருந்தது. எதிரே ஒரு சுளகு. அதிலே சிரட்டை, அகப்பை, பனையோலைப் பெட்டி, பித்தளைச் செம்பு, பழைய பேணி மூடி ஒன்று.

“விளையாட்டுச் சாமான் வாங்க வசதி இல்லை, ஐயா. அடுப்படிச் சாமானைத்தான் குடுத்திருக்கிறன். குறை நினையாதேங்கோ” என்றாள்.

குறை நினைப்பதா! குழந்தை சிரட்டையை எடுத்தது. அதன் வழுவழுத்த உட்புறத்தை நாவால் தடவிற்று. கரடான புறத்தைக் கன்னத்தில் தேய்த்தது. பின்னர்ச் செம்பின்மேல் தட்டி, எழுந்த ஒலிக்கு வியந்து, மீண்டும் தட்டிற்று. மென்மை, வன்மை, தண்மை, ஓசை என்று நாம் சொல்லால் கற்பிப்பவற்றை அது பொருளாலேயே கற்றுக்கொண்டிருந்தது.

இதனை ஒரு கல்வி முறையாக வகுத்தவர் எலினர் கோல்ட்ஷ்மீட் (1910–2009) என்னும் ஆங்கில அம்மையார். இரண்டாம் உலகப்போருக்குப் பின், இத்தாலியிலே குழந்தைகள் இல்லங்களில் அவர் பணியாற்றினார். உணவும் படுக்கையும் இருந்தும், கையாளப் பொருளின்றி வாடிய மழலைகளைக் கண்டவர் அவர். எழுந்து உட்காரும், ஆனால் இன்னும் தவழத் தொடங்காத குழந்தைக்கு மரம், உலோகம், துணி, நார் என்று பலவகை வீட்டுப் பொருள்களை நிரப்பிய ‘புதையற் கூடை’ ஒன்றை முன்வைத்தார். பிளாஸ்டிக்குக்கு அதில் இடமில்லை. எதைத் தொட்டாலும் ஒரே வழுவழுப்பு என்பதே காரணம். பெரியவர் அருகிருந்து காக்க வேண்டும், குறுக்கிட்டுத் திருத்தலாகாது. போர் கிழித்த நாட்டில் முளைத்த அம்முறையை, போர் கிழித்த மற்றொரு மண்ணிலே, பெயரும் அறியாமல் என் மாணவி கைக்கொண்டிருந்தாள்.

அப்போது ஒன்று நிகழ்ந்தது. குழந்தை பேணி மூடியை எடுத்தது. வெயில் பட்டு அது மின்னிற்று. அருகே கஞ்சி குடித்துக்கொண்டிருந்த அம்மம்மா பாய்ந்து அதைப் பறித்துவிட்டார். குழந்தை வீறிட்டது.

“மினுங்கிற இரும்பைக் கண்டால் இப்பவும் நெஞ்சு பதறுது, வாத்தியார்” என்றார் அந்த முதியவர்.

நான் வாயடைத்தேன். 2009 வைகாசியில் போர் முடிந்த நிலம் அது. அதன்பின் ஆண்டுக்கணக்காக வன்னியிலே கண்ணிவெடி அகற்றினர். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளை நட்டனர். ‘தெரியாத பொருளைத் தொடாதே’ என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். அப்பாடம் உயிர் காத்த பாடம். ஆயினும், தெரியாததைத் தொடாதே என்று சொன்னால் மட்டும் போதுமா? தெரிந்தவற்றையெல்லாம் தொட்டுப் பழகிய கைக்கன்றோ தெரியாதது இன்னதென்று விளங்கும்?

அச்சத்தை விடுத்து, எச்சரிக்கையைப் பேணுவோம். வாய்க்குள் முழுதும் புகக்கூடிய காசு, தெறி, புளியங்கொட்டை ஆகியன கூடா, கூர் விளிம்புள்ளன கூடா, குன்றிமணியோ நஞ்சு. கைத்தொலைபேசியைக் காட்டி அழுகையடக்குவதும் வேண்டாம். ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் திரையே ஆகாது என 2019இல் உலக சுகாதார நிறுவனம் நெறி வகுத்துள்ளது. திரையிலே தண்மையும் இல்லை, கரடும் இல்லை, மணமும் இல்லை.

பாண்டியன் அறிவுடைநம்பி முடிமன்னன். அவன், நெய்ச்சோற்றை அள்ளி மேனியெங்கும் பூசிக்கொள்ளும் மக்கள் இல்லாதார்க்கு வாழ்நாளிற் பயனில்லை என்று பாடினான். புறநானூற்றின் 188ஆம் பாட்டு அது. குழந்தையின் கை அளைவதைக் குறும்பு என்று கடிந்தவனல்லன், பேறு என்று போற்றியவன்.

அம்மம்மா சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர் மூடியின் விளிம்பைத் தம் விரலாலே சுற்றித் தடவிப் பார்த்தார்; சேலைத் தலைப்பால் துடைத்தார்; தாமே அதைக் குழந்தையின் கையில் வைத்தார். அழுகை நின்றது. மூடியை ஒருமுறை நக்கிப் பார்த்துவிட்டுக் கீழே போட்ட குழந்தை, அவருடைய கஞ்சிக் கோப்பையிலே கையை விட்டது.

2009இல் அவ்வூரில் உயிரைப் பிடித்துவைத்த உணவு கஞ்சி; ஆண்டுதோறும் மே மாதத்தில் மக்கள் அதைக் காய்ச்சிப் பகிர்ந்து, மாண்டோரை நினைப்பர். அந்தக் கஞ்சியை ஒரு சிறுகை துழாவிற்று. ஒருவரும் தடுக்கவில்லை.